கொழுந்தன் வீட்டு ஏர்கோனுக்கு நீங்க ஏன் பேட்டரி வாங்கணும்?

கேள்வி: ஐயா, நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல இருக்கோம். வீட்டுக்காரர் ஈப்போ பக்கம் ஃபேக்டரியில டெக்னிஷியன், நான் வீட்லயே இட்லி மாவு அரைச்சு ஃப்ரீசர்ல வச்சு விக்கிறேன். போன மாசம் கரண்ட் பில் 550 வெள்ளி (ரிங்கிட்), 1150 யூனிட். பின்னால கட்டின எக்ஸ்டென்ஷன்ல கொழுந்தன் குடும்பம் 22 மாசமா இருக்காங்க, அங்க ரெண்டு ஏர்கோன், ஒரே மீட்டர்தான். பில்லை கிரெடிட் கார்டுல கட்டிட்டு மினிமம் மட்டும் கட்டிட்டு வர்றேன், இப்போ கார்டு பாக்கி 7,200. எங்க அத்தை மகன் 10 யூனிட் புடிக்கிற பேட்டரி போடச் சொல்றாரு, 28,000 வெள்ளி, ராத்திரி மலிவு கரண்ட்டை சேத்து வச்சு பகல்ல யூஸ் பண்ணலாம், பீக் நேரத்துல குறைச்சா கரண்ட் கம்பெனி டிஎன்பியே காசு குடுக்கும், மாசம் 300 மிச்சம்னு சொல்றாரு. ஈபிஎஃப் சேமநிதியில எப்ப வேணா எடுக்கக்கூடிய ஃப்ளெக்ஸிபிள் அக்கவுண்ட்ல 8,000 எடுத்து, மீதி 20,000 பேங்க் லோன் போடலாமான்னு யோசிக்கிறோம். நேரத்துக்கு ஏத்த மாதிரி விலை மாறுற டைம் ஆஃப் யூஸ் திட்டத்துக்கு மாறலாமா? மாவு அரைக்கிற நேரத்தை மாத்தணுமா? ரொம்ப குழப்பமா இருக்கு.

பதில்: தங்கச்சி, நீங்க மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா பிரச்சனை நீங்க கேக்காம போற போக்குல எழுதின ஒரு வரியில இருக்கு. "ஒரே மீட்டர்தான்." அங்க வருவோம், முதல்ல இந்த பேட்டரியை முடிச்சிடுறேன், ஏன்னா அத்தை மகன் சீக்கிரம் கையெழுத்து கேப்பாரு.

டைம் ஆஃப் யூஸ் புதுசு இல்ல, 2025 ஜூலை 1ல இருந்து வந்த புது கட்டணத்துல வீட்டுக்கும் குடுக்குறாங்க. வார நாள்ல மத்தியானம் 2 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும் பீக், மத்த நேரம், சனி ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் மலிவு நேரம். பீக்ல எனர்ஜி கட்டணம் யூனிட்டுக்கு 28.52 காசு, மலிவு நேரத்துல 24.43. சாதாரண திட்டத்துல இருந்தா எந்நேரமும் 27.03. இதுக்கு மேல கெப்பாசிட்டி கட்டணம் 4.55, நெட்வொர்க் கட்டணம் 12.85, இது ரெண்டும் எந்த நேரத்துல யூஸ் பண்ணாலும் மாறாது. ஆக மொத்தம் பீக்குக்கும் மலிவுக்கும் உள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு 4 காசு சொச்சம். அவ்வளவுதான் லா.

இப்ப பேட்டரி கணக்கு பாருங்க. 10 யூனிட்டை ராத்திரி நிரப்பி சாயங்காலம் செலவு பண்ணா நாளைக்கு 41 காசு மிச்சம், வார நாள் 22ன்னு வச்சா மாசம் 9 வெள்ளி. இது பேட்டரியில ஒரு சொட்டு கூட வீணாகாம இருந்தாதான், எந்த பேட்டரியும் அப்படி இல்ல, உள்ள போன கரண்ட்ல பத்துல ஒரு பங்கு வெளிய வராதுன்னு வச்சுக்கிட்டாலும், மலிவு நேரத்துல நீங்க குடுத்த மொத்த விலை யூனிட்டுக்கு 41.83 காசு, அதுல பத்துல ஒண்ணு போச்சுன்னா 4 காசு போச்சு. மிச்சம்னு சொன்ன அந்த 4 காசும் அங்கேயே தீர்ந்துடுது. இதுக்கு 20,000 லோன், 7 வருஷம், 6 பெர்சென்ட் ஃப்ளாட்னு வச்சா வட்டி மட்டும் 8,400, மாசம் 338 வெள்ளி கட்டணும். மேல எடுக்கப்போற 8,000 ஈபிஎஃப்ல இருந்தா 2024க்கு குடுத்த 6.30 பெர்சென்ட் கணக்குல வருஷம் 500 வெள்ளி வந்திருக்கும். அப்ப 300 வெள்ளி மிச்சம் எங்க இருந்து வந்துச்சு?

எனக்கு தெரியும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு. ஃபேக்டரி கதையில இருந்து. மீடியம் வோல்டேஜ் எடுக்கிற ஃபேக்டரிக்கு கெப்பாசிட்டியும் நெட்வொர்க்கும் யூனிட் கணக்கு கிடையாது, மாசத்துல எந்த அரை மணி நேரம் அதிகமா இழுத்தாங்களோ அந்த கிலோவாட்டுக்கு காசு, ஒரு கிலோவாட்டுக்கு திட்டத்தைப் பொறுத்து மாசம் 89ல இருந்து 97 வெள்ளி. அங்க ஒரு தவுக்கே, அதாவது முதலாளி, ரெண்டு மெஷினை ஒரே நேரத்துல ஸ்டார்ட் பண்ணாம பாத்துக்கிட்டாலே ஆயிரக்கணக்குல மிஞ்சும், பேட்டரியும் கட்டுபடியாகலாம். அந்த பிரோஷரை எடுத்துட்டு வந்து டெரஸ் வீட்டு ஹால்ல விரிச்சு வச்சா எப்படி? வீட்டு பில்லுல கிலோவாட் கட்டணமே கிடையாது.

டிஎன்பி காசு குடுக்கும்னு சொன்னாராமே, அதை எழுத்துல காட்டச் சொல்லுங்க. வெளிநாட்டுல இந்த மாதிரி திட்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல. கரண்ட் தேவை ஏறுற அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்காக மட்டும் ஒரு பவர் ஸ்டேஷனை கட்டி வச்சுக்கிட்டு காத்திருக்கிறது தண்டச் செலவு, அதுக்கு பதிலா ஜனங்ககிட்ட "கொஞ்சம் நிறுத்துங்க, காசு தர்றோம்"னு சொல்றது மலிவு. இங்கிலாந்துல 2022-23 குளிர்காலத்துல யூனிட்டுக்கு 3 பவுன் கணக்குல குடுத்தாங்க. ஆனா அதே மாதிரி "நேரத்துக்கு ஏத்த விலை"ன்னு டெக்சாஸ்ல மொத்த சந்தை விலையிலேயே கரண்ட் வாங்கின வீடுகளுக்கு 2021 பிப்ரவரி பனிப்புயல்ல யூனிட் 9 டாலர் வரைக்கும் போய், சில நாள்லயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்துச்சு. நம்ம வீட்டு டைம் ஆஃப் யூஸ் அப்படி ஆபத்து இல்ல, விலை முன்கூட்டியே தெரியும். அதனால ஸ்மார்ட் மீட்டர் இருந்தா மாறிடுங்க, செலவு கிடையாது. நாள் பூரா ஒரே மாதிரி யூஸ் பண்ற வீடுன்னாலே 1150 யூனிட்டுக்கு மாசம் 19 வெள்ளி கிட்ட குறையும். வாங்கிக்குங்க, ஆனா அதுல வீடு கட்டிட முடியாது.

மாவு அரைக்கிற நேரத்தை மாத்தாதீங்க. கிரைண்டர் மோட்டார் முக்கால் கிலோவாட்னு வச்சு மூணு மணி நேரம் ஓடினா ரெண்டேகால் யூனிட், சாயங்காலத்துல இருந்து விடியற்காலைக்கு மாத்தினா மிச்சம் 9 காசு. 9 காசுக்காக நாலரைக்கு எந்திரிக்கணுமா? இட்லி மாவு புளிக்கிற நேரம் பாத்து அரைங்க, டிஎன்பி நேரம் பாத்து அரைக்க வேணாம். ராத்திரி ஏர்கோன் போடுறதை பத்து மணிக்கு மேல தள்ளினா கொஞ்சம் பிரயோஜனம் உண்டு, சனி ஞாயிறு துணி துவைக்கிறதும் அப்படித்தான், அதுவும் வெள்ளியில இல்ல, காசுலதான்.

எனக்கு இதுல ஒரு சிரிப்பு என்னன்னா, நான் பொறந்த தோட்டத்துல ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணிக்கு நிப்பாட்டிடுவாங்க. லயத்து வீட்டுல பல்ப் ரெண்டு தடவ மங்கி எரியும், அது அடையாளம், அம்மா உடனே மண்ணெண்ணெய் விளக்கை ஏத்துவாங்க, கிராணி (தோட்டத்து கிளார்க்) வீட்டுல மட்டும் கொஞ்ச நேரம் கூட எரியும். பீக் நேரத்துல குறைக்கிறதை யாரும் எங்களுக்கு ஆப் வச்சு சொல்லித் தரல.

சரி, இப்ப அந்த ஒரு வரிக்கு வருவோம்.

நீங்க எழுதினதை வச்சு பாத்தா உங்க வீட்டு உபயோகம் 560 யூனிட்டுக்கு மேல போகாது, ஃப்ரீசரும் கிரைண்டரும் சேத்து. மீதி 590 பின்னால போகுது. பின் வீட்டுல ரெண்டு ஏர்கோன், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா அதுவே மாசம் 380 யூனிட் கிட்ட, வாட்டர் ஹீட்டர், ஐஸ் பெட்டி, டிவி, வாஷிங் மெஷின் சேத்தா கணக்கு சரியா வந்துடும்.

புது கட்டணத்துல ஒரு விஷயம் உங்களை குத்துது. 1000 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்குத்தான் சிக்கனத்துக்கான கழிவு உண்டு, குறைய யூஸ் பண்ணா அதிகமா கழிப்பாங்க. 551ல இருந்து 600க்குள்ள இருந்தா மொத்த யூனிட்டுக்கும் 9 காசு. ரெண்டு குடும்பத்தையும் ஒரே மீட்டர்ல கட்டி வச்சதால நீங்க 1000ஐ தாண்டிட்டீங்க, கழிவு சுத்தமா போச்சு, 600க்கு மேல போன யூனிட்டுக்கு 8 பெர்சென்ட் சேவை வரி, மாசம் 10 வெள்ளி ரீடெய்ல் கட்டணம் வேற. உங்க 560 யூனிட் மட்டும் தனி மீட்டர்ல வந்திருந்தா, 44.43 காசு கணக்குல 249 வெள்ளி, அதுல கழிவு 50, ஆக 199, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு ஒரு மூணு நாலு வெள்ளி சேத்தா 202. அவங்களுக்கும் அதே கணக்குல 212 வெள்ளி கிட்ட. ரெண்டும் சேத்து 414. இப்ப நீங்க கட்டுறது 550. ஒரு ஸ்விட்சைக்கூட ஆஃப் பண்ணாம மாசம் 130 வெள்ளிக்கு மேல காத்துல போகுது.

அதைவிட பெருசு இது. உங்க பில் 550, நீங்க தனியா இருந்தா 210ஐ தாண்டாது. கூடுதல் 340. அவங்க வந்து 22 மாசம். 340ஐ 22ஆல பெருக்குங்க, 7,480. உங்க கார்டு பாக்கி எவ்வளவுன்னு எழுதினீங்க? 7,200. அந்த கடன் உங்களோடது இல்ல தங்கச்சி, பின் வீட்டு ஏர்கோனோடது, உங்க பேர்ல இருக்கு, அதுக்கு 18 பெர்சென்ட்னா மாசம் 108 வெள்ளி வட்டி. மினிமம் கட்டுறதுனால பேங்க்காரன் போன் பண்றதில்ல, போன் வராததால பிரச்சனை இல்லன்னு நினைச்சுட்டீங்க.

ஏன் கேக்கலன்னு எனக்கு புரியுது. கொழுந்தன்கிட்ட அண்ணி காசு கேட்டா நாளைக்கு குடும்பம் பூரா அது ஒரு பேச்சாயிடும், அவரு ஒரு வருஷம் வேலையில்லாம இருந்திருப்பாரு, அப்ப விட்டது பழக்கமாயிடுச்சு. அதனால நீங்க கேக்காதீங்க, வீட்டுக்காரர் கேக்கட்டும், அண்ணன் தம்பி விஷயம். கேக்கும்போது மொத்த பில்லை தூக்கிட்டு போனா சண்டை வரும், "நாங்களா இவ்வளவு"ன்னு கேப்பாரு, நியாயமான கேள்விதான். லைசென்ஸ் உள்ள வயர்மேனை கூப்பிட்டு பின் வீட்டுக்கு போற லைன்ல ஒரு சின்ன சப் மீட்டர் மாட்டுங்க. ரெண்டு வாரம் ரீடிங் எடுங்க. அப்புறம் மீட்டரே பேசும். அவங்க ஓடின யூனிட்டுக்கு உள்ள பங்கை மட்டும் வாங்குங்க, மேல ஒரு காசு வச்சு வாங்க வேணாம், கரண்ட் வியாபாரம் நம்ம வேலை இல்ல. நீங்க எழுதின கணக்குப்படி அது மாசம் 280 வெள்ளி கிட்ட வரும்.

கூடவே டிஎன்பி கவுண்டர்ல போய் எக்ஸ்டென்ஷனுக்கு தனி மீட்டர் கேளுங்க. வீட்டு பிளான், அனுமதி எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துதான் குடுப்பாங்க, நிச்சயம் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கேக்குறதுக்கு காசு ஆகாது. கிடைச்சா அவங்க பில் 212ஆ இறங்கும், அவங்களுக்கும் லாபம், இதை வீட்டுக்காரர் தம்பிகிட்ட முதல்ல சொல்லட்டும், அப்ப மத்தது சுலபமா இறங்கும்.

வர்ற 280ஐ அப்படியே கார்டுல போடுங்க, மினிமத்துக்கு மேல. அந்த கார்டை டிராயர்ல வச்சு பூட்டுங்க, பில்லை சம்பளத்துல இருந்து நேரா கட்டுங்க. வட்டி தாங்கலன்னா ஏகேபிகேங்கிற கடன் ஆலோசனை மையத்தைப் போய் பாருங்க, மத்திய வங்கி பேங்க் நெகாரா ஏற்படுத்தினது, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க. லோன் ஏஜெண்டுகிட்ட போகாதீங்க. ஃப்ளெக்ஸிபிள் அக்கவுண்ட் 8,000ஐ பேட்டரிக்கு தொடாதீங்க. கார்டை மொத்தமா அடைக்க எடுத்தா அதுல கணக்கு உண்டு, 18ஐ அடைக்க 6ஐ விடுறது நஷ்டம் இல்ல, ஆனா மீட்டர் விஷயம் முடியறதுக்கு முன்னாடி எடுத்தீங்கன்னா அடுத்த 22 மாசத்துல கார்டு மறுபடியும் நிரம்பிடும், அப்ப அக்கவுண்ட்லயும் ஒண்ணும் இருக்காது.

அத்தை மகனுக்கு "மீட்டர் வேலை ஒண்ணு நடக்குது, முடிஞ்சதும் பாக்கலாம்"னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. வயர்மேன் மாட்டின அன்னைக்கு ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுங்க, 14 நாள் கழிச்சு அதே நேரத்துல இன்னொரு தடவ எடுங்க, நாலு போட்டோவும் எனக்கு அனுப்புங்க, பங்கு எவ்வளவுன்னு போட்டுத் தர்றேன்.