இடைக்கால ஐரோப்பா: சான்றுகளை எப்படி வாசிப்பது? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: அவர்கள் எழுதவில்லை என்றாலும், அவர்களிடம் வரி வாங்கியவர்களும் அவர்களை விசாரித்தவர்களும் எழுதி வைத்தார்கள். பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலைப்பகுதியில் மொந்தாயு என்றொரு சிற்றூர் உள்ளது. 1318 முதல் 1325 வரை, பாமியே நகரின் ஆயரான (பிஷப்) ழாக் ஃபூர்னியே, கத்தோலிக்கத் திருச்சபை தவறானதென்று தடைசெய்த கத்தார் என்னும் கிறித்தவப் பிரிவின் கொள்கையைப் பின்பற்றியவர்களைக் கண்டறிவதற்காக அவ்வூராரையும் சுற்றுவட்டாரத்தினரையும் வரவழைத்து விசாரித்தார். அவரே 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பெயரில் போப்பாண்டவர் ஆனதால், அவருடைய விசாரணைப் பதிவேடு வத்திக்கான் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஆட்டிடையர்கள் குளிர்காலத்தில் மந்தையை எங்கே ஓட்டிச் சென்றார்கள் என்பதும், பெண்கள் வெயிலில் அமர்ந்து உறவினருக்குப் பேன் பார்த்தபடியே ஊர்க்கதை பேசியதும் அதில் பதிவாகியுள்ளன.

கேள்வி: தண்டனைக்கு அஞ்சிச் சொன்ன வாக்குமூலத்தை எப்படி நம்புவது?

பதில்: முழுவதுமாக நம்பக் கூடாது. அம்மக்கள் ஆக்சித்தான் மொழியில் சொன்னதை எழுத்தர்கள் இலத்தீனில் எழுதினார்கள் என்பதால், நமக்குக் கேட்கும் குரல் ஏற்கெனவே ஒரு கை மாறி வந்தது. சமய நம்பிக்கை குறித்த பதில்களை மிகுந்த ஐயத்துடனேயே படிக்க வேண்டும். ஆனால் யார் வீட்டு வாசலில் யார் பேன் பார்த்தார்கள் என்பதைப் பொய்யாகச் சொல்ல ஒருவருக்குப் பெரும்பாலும் தேவை இருந்திருக்காது. விசாரித்தவர் தேடாத இத்தகைய செய்திகளே என் பார்வையில் அப்பதிவேட்டின் பெருஞ்செல்வம்.

கேள்வி: போலி என்று உறுதியான ஆவணங்களை ஒதுக்கிவிடுவார்களா?

பதில்: ஒதுக்க மாட்டார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நிலப்பகுதிகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு வழங்கியதாகக் கூறும் ஆவணம், அதன் இலத்தீன் நடை அக்காலத்துக்கு ஒவ்வாதது என்பதைக் கொண்டு போலியென 1440இல் இத்தாலிய அறிஞர் லொரன்சோ வல்லாவால் நிறுவப்பட்டது. அது 4ஆம் நூற்றாண்டைப் பற்றி எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் அது எழுதப்பட்டதாகப் பெரும்பாலோர் கருதும் 8ஆம் நூற்றாண்டில் திருச்சபை எத்தகைய அதிகாரத்தைக் கோரியது என்பதற்கு நல்ல சான்று.

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவின் நிலவுரிமை முறைகளை நிலப்பிரபுத்துவம் என்று பொதுவாகச் சொல்லலாமா?

பதில்: கவனத்துடன் சொல்ல வேண்டும். 1974இல் எலிசபெத் பிரவுன், 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் ஆகிய வரலாற்றாய்வாளர்கள், வெவ்வேறு நாடுகளின் நிலவுரிமை முறைகளைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் வகுத்த ஒரே சட்டகத்துக்குள் அடைக்கும் போக்கைக் கடுமையாக மறுத்தார்கள்.

கேள்வி: ஏடுகளே எஞ்சாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: எலும்பும் பல்லும் துணைக்கு வருகின்றன. ஜெர்மனியின் டால்ஹைமில் இருந்த பெண் துறவியர் மடத்தில் ஏறத்தாழ 11ஆம் அல்லது 12ஆம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் பற்காறையில் (பற்களின் மேல் படிந்து இறுகிய படிவில்) நுண்ணிய நீலத் துகள்கள் இருந்ததை 2019இல் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. அவை ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, மிக விலையுயர்ந்த லேபிஸ் லசூலி கல்லின் துகள்கள். அக்கல்லை நிறமியாக அரைத்தபோது எழுந்த தூசியாகவும் இருக்கலாம் என்பதை அக்குழு பரிசீலித்தது. ஆயினும் ஏடுகளுக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகையின் நுனியை அப்பெண் மீண்டும் மீண்டும் நாவில் வைத்துக் கூராக்கியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம் என்று கண்டது.