குமிழி நின்றுவிட்டால் பீர் கெட்டுவிட்டதா?

கேள்வி: முதன்முறையாக வீட்டில் 20 லிட்டர் பீர் போட்டிருக்கிறேன். மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் சாறு), கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட் ஒரு பாக்கெட். இரண்டாம் நாள் மூடியில் செருகிய ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் தண்ணீர்க் குழாய்) குமிழி விடாமல் வந்தது, நான்காம் நாள் நின்றுவிட்டது. மேலே பழுப்பாக அழுக்கு நுரை, லேசான அழுகிய முட்டை வாடை. கெட்டுவிட்டதா? இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடலாமா? மெத்தனால் இருக்குமோ என்று வீட்டில் வேறு பயப்படுகிறார்கள். இந்த வாரக் கடைசியில் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கெடவில்லை. நீங்கள் கவலைப்படும் எதிலும் ஆபத்து இல்லை. எந்தக் கவலையும் இல்லாமல் எழுதியிருக்கிறீர்களே கடைசி வரி, அதில்தான் இருக்கிறது.

முதலில் குமிழி. குக்கர் விசிலை எண்ணுவதுபோல் ஏர்லாக் குமிழியை எண்ணும் பழக்கம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஏர்லாக் வெறும் வாயுப் போக்கி. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அந்த இடுக்கு வழியாகப் போய்விடும், குமிழியே வராது. நொதித்தல் முடிந்த பிறகும் அறை சூடானால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஏல் ஈஸ்ட் பெரும்பகுதிச் சர்க்கரையை முதல் மூன்று நான்கு நாளிலேயே தின்றுவிடும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் முடிக்கும். இப்போது நடப்பது அதுதான். அதனால் இரண்டாவது பாக்கெட் ஈஸ்ட் வேண்டாம். ஈஸ்ட் போட்டு 72 மணி நேரமாகியும் நுரையே எழாமல், அடர்த்தியும் இறங்காமல் இருந்தால் மட்டுமே அந்த யோசனை வரவேண்டும்.

சர்க்கரை தீரத் தீர பீரின் அடர்த்தி இறங்கும்; அதை நம்பிக்கையாகச் சொல்வது ஹைட்ரோமீட்டர், அதாவது பீரில் மிதக்கவிட்டு அளவைப் படிக்கும் கண்ணாடிக் கருவி. தண்ணீர் 1.000 என்றால், சாதாரண ஏல் 1.048 போல் தொடங்கி 1.010, 1.012 பக்கம் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம். மால்ட் சாற்றில் தண்ணீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கனமான சாறு அடியில் தங்கி, தண்ணீர் மேலே நின்றிருக்கும்போது எடுத்த முதல் அளவு நம்பத்தக்கதல்ல. அது பொருந்தவில்லையே என்று குழம்பாதீர்கள். சோதித்த பீரைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாமல் குடித்துப் பாருங்கள். தட்டையாக, இளசாக இருக்கும், ஆனால் கெட்ட பீரா நல்ல பீரா என்று நாக்கே சொல்லிவிடும்.

பழுப்பு நுரை ஹாப்ஸ் பிசினும் புரதமும் ஈஸ்ட்டும் சேர்ந்தது. தானாக அடங்கும், வழித்தெடுக்க வேண்டாம். முட்டை வாடை ஈஸ்ட் வெளியிடும் கந்தக வாயு. கார்பன் டை ஆக்சைடு அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பஞ்சுபோல் முடி முளைத்த பச்சை, கறுப்புத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. அப்போது மட்டும் கொட்டிவிடுங்கள்.

மெத்தனால் பயம் பீருக்குப் பொருந்தாது. பழங்களில் இருக்கும் பெக்டின்தான் மெத்தனாலுக்கு மூலம், பார்லியில் அது சொற்பம். மெத்தனாலால் நேரும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்ற சாராயம். நீங்கள் எதையும் வடிக்கவில்லை, வடிக்கவும் கூடாது. அது வேறு தொழில், வேறு சட்டம். (பீருக்கும் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊரில் வீட்டில் காய்ச்ச அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் கேட்காமல் விட்டது வெப்பநிலை. முதல் பீரின் சுவையைக் கெடுப்பது கிருமியைவிட இதுதான் அதிகம். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வேண்டும். நொதிக்கும்போது பாத்திரம் தானே சூடாவதால் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். முதல் மூன்று நாள் 28, 30 என்று ஏறிவிட்டால் தின்னர் வாடை வரும், அதை எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் முழுதாகப் போக்க முடியாது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுவது எளிய வழி. அது தோதுப்படாதென்றால் அடுத்த முறை நார்வே பண்ணைகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட்டை வாங்குங்கள்; 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும்.

இனி பாட்டில். பாட்டிலுக்குள் வாயு ஏறுவதற்காக 20 லிட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கலப்பது வழக்கம். அதாவது லிட்டருக்கு 6 கிராம். நொதித்தல் முடியாமல் ஹைட்ரோமீட்டரில் வெறும் 4 புள்ளி (1.014-லிருந்து 1.010 போல) இறங்க பாக்கியிருந்தாலும், அது லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை மிச்சமிருப்பதற்குச் சமம். இரண்டும் சேர்ந்தால் பாட்டிலுக்குள் உருவாகும் வாயு நீங்கள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். கண்ணாடி வெடித்தால் கையோ கண்ணோ போகலாம். ஆகவே இந்த வாரக் கடைசி வேண்டாம். மொத்தம் இரண்டு வாரம் விட்டு, இரண்டு அளவுகளும் ஒன்றான பிறகு அடையுங்கள்.

அடைக்கும்போது பீரைத் தளும்பவிடாதீர்கள். குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும். இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை வந்துவிடும். அழுத்தம் தாங்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் போதும், ஆனால் ஒன்றை மட்டும் காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். அழுத்திப் பார்த்தால் கல்லாக இருக்கும் நாளில் வாயு ஏறிவிட்டது என்று தெரியும்; பெரும்பாலும் இரண்டு வாரம். நாலைந்து நாளிலேயே அப்படி இறுகிவிட்டால் எல்லாவற்றையும் உடனே குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடி பாட்டில்களைத் தூக்கும்போது தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.