ஓராண்டு நாற்காலி

கேள்வி: எடின்பரோவில் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப் பேரவையைப் பார்த்துவிட்டு வந்தீர்களாமே! அங்கே பக்தி நடந்ததா, நம்ம ஊர் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சினாட் கூட்டம் மாதிரி அரசியல் நடந்ததா? மழுப்பாமல் சொல்லவும்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அரசியல்தான் நடந்தது. சங்கீதம் பாடி, ஜெபித்துவிட்டு, அப்புறம் முழுநேர அரசியல். ஆனால் எல்லாம் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கண்ணெதிரே நடந்தது.

நான் பார்த்தது 2025 மே மாதப் பேரவை. அந்தத் திருச்சபையில் பிஷப் கிடையாது. ஆயர்களும், சபை மக்களிலிருந்து வந்த மூப்பர்களும் சம வாக்கோடு உட்காருகிறார்கள். பேச விரும்புகிறவர் மைக் முன்னால் போய், அவைத் தலைவரை 'மாடரேட்டர்' என்று விளித்து, தன் பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆயராக இருந்தாலும் அங்கே ஒரு எண்தான். மாடரேட்டருக்குப் பதவிக்காலம் ஒரே வருஷம். அதற்கும் ஆளை ஒரு குழு பல மாதம் முன்னாலேயே தேர்ந்து அறிவித்துவிடுகிறது. அதற்காக அதிகாரமே இல்லாத சபை என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரம் குழுக்களிடமும் அலுவலகத்திடமும் இருக்கிறது. பேரவைக்கு வரும் தடித்த அறிக்கைத் தொகுப்பைப் புரட்டினாலே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அரசரின் பிரதிநிதிக்குக் கிடைக்கும் மரியாதை. லார்டு ஹை கமிஷனர் என்று பெயர். அந்த வாரம் ஹோலிரூட் அரண்மனையில் தங்கல்; வரும்போது அவையே எழுந்து நிற்கும். ஆனால் அவருக்கு இடம் மாடரேட்டருக்குப் பின்னால், உயரத்தில் ஒரு மாடத்தில். கணக்குப்படி அது அவைக்கு வெளியே! தொடக்கத்திலும் முடிவிலும் உரையாற்றலாம்; விவாதத்தில் வாய் திறக்க முடியாது, வாக்கும் இல்லை. சபைக்குத் தலைவர் கிறிஸ்து, அரசர் இல்லை என்பதை நாற்காலி போட்ட இடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இந்த முறை அந்த மாடத்தில் இருந்தவர் எலிஷ் ஆஞ்சியோலினி என்ற கத்தோலிக்கப் பெண்மணி. கத்தோலிக்கர் ஒருவர் அதில் அமர்வது இதுவே முதல் தடவை. பழைய சட்டம் குறுக்கே நின்றதால் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த ஆண்டே புதுச் சட்டம் போட வேண்டியிருந்தது. ரோமோடு மல்லுக்கு நின்று ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் நடத்திய ஜான் நாக்ஸ் வெளியே முற்றத்தில் கையை உயர்த்தியபடி சிலையாக நிற்கிறார்!

விவாதங்களில் சூடானது, தீராத நோயாளி மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளலாமா என்பது. அதே மே மாதத்தில்தான் ஸ்காட்லாந்து பாராளுமன்றத்தில் அதற்கான மசோதா முதல் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அதுவரை கூடாது என்று சொல்லிவந்த திருச்சபை, விசுவாசிகளிடையே இரண்டு கருத்தும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தது. எனக்கு அந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை.

ஜனநாயகம் இருந்தால் சபை செழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950-களில் சுமார் 13 லட்சம் உறுப்பினர்கள். இப்போது ஏறக்குறைய இரண்டரை லட்சம். ஆலயங்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத சபையும் இல்லை. ஆயரை நியமிப்பது நிலப்பிரபுவா, சபையாரா என்ற தகராறில் 1843-இல் பல ஆயர்கள் பேரவையை விட்டு வெளியேறி ஃப்ரீ சர்ச் என்ற தனிச் சபையைத் தொடங்கியபோது, சென்னையில் பள்ளி நடத்திவந்த ஜான் ஆண்டர்சனும் தோழர்களும் அவர்கள் பக்கம் போனார்கள். அந்தப் பள்ளிதான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அதன் முதல்வர் வில்லியம் மில்லர் 1896-இல் ஃப்ரீ சர்ச் பேரவைக்கே மாடரேட்டர். இன்று பேரவை கூடும் மண்டபமும் அந்த ஃப்ரீ சர்ச்சுக்காகக் கட்டியதுதான்.

சரி, நம்ம ஊர் சினாட்டை இழுத்தீர்களே! தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றப் படியேறியது ஊரறிந்த கதை; நான் என்ன புதிதாகச் சொல்வது? நம் சபைத் தலைவரான பிரதமப் பேராயரின் பதவியை ஒரு வருஷம் ஆக்கி, ஆளையும் குழுவே சொல்லட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து பாருங்கள். முதலில் எதிர்ப்பவர் போஸ்டர் அடிக்கும் அச்சகக்காரராக இருப்பார். இரண்டாவது ஆள், வக்கீல்.