படகு நின்றுபோனால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக 75 செ.மீ. நீளத்தில் நீராவி டர்பைன் படகு செய்கிறோம். பித்தளைச் சக்கரம் 60 மி.மீ., 24 பிளேடு, நாசில் (ஆவி பீறிடும் முனை) துளை 2 மி.மீ. பாய்லர் செம்புக் குழாய். ஈயம் வைத்துப் பற்றியது. அடியில் ஸ்பிரிட் விளக்கு. வெறும் சக்கரம் விசில் அடித்துக்கொண்டு சுற்றுகிறது. புரொப்பெல்லரை மாட்டிக் கண்மாயில் விட்டால் அரை நிமிடத்தில் நிற்கிறது. சதுர செ.மீ.க்கு 3 கிலோ காட்டிய அழுத்த கேஜ் மளமளவென்று இறங்குகிறது. பிளேடை 36 ஆக்கலாமா? பெரிய பாய்லர் 4,500 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: பிளேடில் கை வைக்க வேண்டாம், அந்த பாய்லரையும் வாங்க வேண்டாம். கேஜ் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். உங்கள் துளை குடிக்கிற ஆவியை உங்கள் விளக்கால் கொடுக்க முடியவில்லை.

3 கிலோ அழுத்தத்தில் 1 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 27 மில்லி தண்ணீர் ஆவியாகப் போகும். துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆக உங்கள் 2 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு நூறு மில்லிக்கு மேல் வேண்டும். ஒரு டீ டம்ளர் தண்ணீரை நிமிடத்துக்கு நிமிடம் ஆவியாக்க ஸ்பிரிட் விளக்கால் ஆகுமா? 0.8 மி.மீ. துளை என்றால் 17 மில்லி போதும். அந்த அளவு பிட், எலக்ட்ரானிக்ஸ் போர்டு துளைக்க விற்கிறது.

அடுத்தது கியர். நாசிலிலிருந்து ஆவி நொடிக்கு 650 மீட்டருக்குக் குறையாமல் பாய்கிறது. அதில் பாதி வேகத்தில் பிளேடு ஓடினால்தான் முழுப் பலன். 60 மி.மீ. சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு லட்சம் சுற்று, வீட்டில் நடக்காது. இருபது முப்பதாயிரம் வந்தாலே படகுக்குப் போதும், ஆனால் பத்துக்கு ஒன்று என்று கியர் வைத்துக் குறைக்க வேண்டும். ஸ்வீடனின் டி லாவல் 1880களில் செய்த டர்பைன் நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடியது. அவரும் கியரைத்தான் நம்பினார். இங்கிலாந்தின் பார்சன்ஸ் செய்த டர்பைன் கப்பல் டர்பினியா 1894இல் கடலில் இறங்கியபோது, ஒற்றை புரொப்பெல்லர் அதிவேகத்தில் சுற்றித் தண்ணீரில் குமிழிகளைக் கிளப்பியதே தவிர, கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. மூன்று தண்டு, ஒன்பது புரொப்பெல்லர் என்று மாற்றிய பிறகுதான் பாய்ந்தது.

சரி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஈயம் வைத்த பாய்லரில் 3 கிலோவா? அந்த அழுத்தத்தில் ஆவியின் சூடு 143 டிகிரி. ஈயப் பற்று 183இல் உருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே பிடி தளர்ந்துவிடும். தண்ணீர் வற்றினால் யோசிக்கவே நேரம் இருக்காது.

“சித்திரைப் பொருட்காட்சியில் விற்கும் தகரப் படகும் ஈயம்தானே?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் படகைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு குழாய்கள், இரண்டின் வாயும் தண்ணீருக்குள் திறந்தே இருக்கும். ஆவி சேர்ந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். டபடபவென்று கேட்பது அந்தப் போக்குவரத்துதான். அடைபட்ட அழுத்தம் அங்கே சேர்வதே இல்லை. அதனால் ஈயம் தாங்குகிறது. வாய் மூடிய கலனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

செம்பை 45 சதவீத வெள்ளி உள்ள, காட்மியம் இல்லாத கம்பியால், அதற்குரிய ஃப்ளக்ஸ் (பற்று ஒட்ட உதவும் பசை) இட்டுப் பற்ற வேண்டும். இங்கேதான் ஏமாற்றுகிறார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வைத்திருக்கும் செம்பு-பாஸ்பரஸ் கம்பியை ‘சில்வர் ராடு’ என்று வெள்ளி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பலவற்றில் வெள்ளி 2 சதவீதம்தான். இரும்பில் வைத்தால் பற்று நொறுங்கும்.

அந்த 4,500 ரூபாய் ஆளிடம் ஒன்று கேளுங்கள்: எதை வைத்து டெஸ்ட் செய்தாய்? கம்ப்ரஸர் காற்று என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பற்று விட்டால் அடைத்த காற்று கலனைச் சிதறடிக்கும், தண்ணீர் அப்படிச் செய்யாது. இப்படி விற்பதில் சில, பெயின்ட் அடித்த பழைய கேஸ் சிலிண்டர்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கலன் நம் சட்டத்தில் பாய்லரே ஆகாது, அதனால் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை. பள்ளிகளோ பெயின்டுக்கும் சார்ட்டுக்கும் மார்க் போடுகின்றன. ஒரு கண்காட்சிக்கு நடுவராகப் போனேன். சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அதன் நட்டை அடிவரை இறுக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் இருபது குழந்தைகள். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்துகொடுத்தவர் அங்கே இல்லை.

பற்றவைத்ததும் சேஃப்டி வால்வைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு, பாய்லரைக் காற்றே இல்லாமல் தண்ணீரால் நிரப்பி, பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்கும் கைப் பம்பால் 6 கிலோ ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது, தட்டு உப்பக் கூடாது. பிறகு சேஃப்டி வால்வை மாட்டி, அது 3 கிலோவில் திறக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் 200 மில்லி அளந்து ஊற்றி, கேஜ் 3இலேயே நிற்கும்படி ஆவி வால்வைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஆறியதும் மிச்சத்தை அளந்தால் உங்கள் விளக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். நாசில் துளைக்கு பிட் வாங்குவது அதற்குப் பிறகு.