வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்து பாகம் பூட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள்

கேள்வி: 1965-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். அது ஆஸ்திரேலியாவில் பாகங்களைப் பூட்டி உருவாக்கப்பட்டது என்கிறார் விற்பவர். அதன் கார் எண் (சேசிஸ் எண்), பிரிட்டிஷ் கையேடுகளில் உள்ளபடி ‘ஜி.எச்.என்.3’ என்று தொடங்காமல், முன்னால் ‘ஒய்’ என்ற எழுத்துடன் இருக்கிறது. இது போலியாக இருக்குமோ?

பதில்: அந்த ‘ஒய்’ எழுத்துதான் விற்பவரின் கூற்றுக்கு முதல் சாட்சி. ‘ஜி’ என்பது எம்.ஜி. என்ற பெயரையும், ‘எச்’ இன்ஜின் கொள்ளளவுப் பிரிவையும், ‘என்’ இரண்டு இருக்கை கொண்ட திறந்த காரையும், 3 வரிசையையும் குறிக்கின்றன, எம்.ஜி. கார்களைத் தயாரித்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஆஸ்திரேலியப் பிரிவு இவற்றின் முன்னே ‘ஒய்’ சேர்த்தது. இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்.ஜி. ஆலையிலிருந்து பாகங்கள் பெட்டிகளில் கப்பலேறி, சிட்னி நகரின் என்ஃபீல்டில் இருந்த பிரெஸ்டு மெட்டல் கார்ப்பரேஷன் ஆலையில் முழுக் கார்களாகப் பூட்டப்பட்டன. 1963 முதல் 1972 வரை ஏறத்தாழ 9,000 எம்.ஜி.பி. கார்கள் இவ்வாறு உருவாயின. (இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. 1500 காரில் அடையாளம் வேறு: எண்ணின் முதல் மூன்று எழுத்துகளை அடுத்து 5 வந்தால் பெட்டியில் பாகங்களாக அனுப்பப்பட்ட, வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கார், 6 வந்தால் அவ்வாறே அனுப்பப்பட்ட இடப்பக்க ஸ்டியரிங் கார்.)

ஆயினும் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கார் எண் பொறித்த தகடு ரிவெட் அடித்துப் பொருத்தப்படுவது. வெற்றுத் தகடுகள் புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன. சான்றுகளில் தகட்டை நான் கடைசியாகவே வைப்பேன். ரிவெட் துளைகள் பெரிதாகியிருக்கின்றனவா, தகட்டின் அடியில் உள்ள பெயின்ட் சுற்றுப்புறப் பெயின்டோடு ஒத்துப்போகிறதா, அருகில் பிற்கால வெல்டிங் தென்படுகிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினுக்கு வாருங்கள். எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. இன்ஜின் முதலில் கிராங்க் தண்டைத் தாங்கும் மூன்று பேரிங் கொண்டதாக இருந்து, 1964 இறுதியில் ஐந்து பேரிங் கொண்ட ‘18 ஜி.பி.’ வகைக்கு மாறியது. பாகங்கள் கப்பலில் வந்து, கிடங்கில் காத்திருந்து, அதன் பின்னரே பூட்டப்பட்டன. ஆகவே அபிங்டனில் ஒரு மாற்றம் நிகழ்ந்த மாதத்தை அப்படியே சிட்னி கார்மீது பொருத்திப் பார்ப்பது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். 1965-இல் பதிவான காரில் பழைய வகை இன்ஜின் இருப்பது மட்டுமே அதை நிராகரிக்கப் போதிய காரணம் ஆகாது.

பலர் தடுமாறும் இடம் இதுதான். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய ஆலைப் பதிவேடுகளைக் கொண்டு பாரம்பரியச் சான்றிதழ் வழங்குகிறது. முழுமையாகக் கட்டப்பட்டு வெளியேறிய காருக்கு அது நிறத்தையும் இருக்கை உறையையும்கூடச் சொல்லிவிடும். பெட்டியில் போன காரின் நிறம் அபிங்டன் ஏட்டில் இருக்க வழியில்லை. ஏனெனில் அங்கே அதற்குப் பெயின்டே அடிக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தைக் குறையாகக் கருதாதீர்கள். காரை அதைப் பூட்டிய ஆலையின் வழக்கத்தோடு ஒப்பிடுங்கள்: கண்ணாடியின் மூலையிலுள்ள தயாரிப்பு முத்திரை, உள்நாட்டில் வாங்கிப் பொருத்திய மின்பாகங்கள், கதவின் உட்பலகைக்குப் பின்னாலும் கம்பளத்தின் அடியிலும் எஞ்சியிருக்கும் முதல் பெயின்ட் ஆகியவை உங்களுக்கு உதவும். இவற்றை ‘அசல் அல்ல’ என்று கழற்றி எறிந்து, இங்கிலாந்துப் பாகங்களை மாட்டி மெருகேற்றிய கார்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. அழிந்த சான்றை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

கேள்வி: பிரான்ஸ் நாட்டின் அல்பீன் ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்பனைக்கு வந்த ஒரு கார், உண்மையில் பிரேசிலில் தயாரானது என்று நண்பர் சந்தேகிக்கிறார். எவ்வாறு உறுதிசெய்வது?

பதில்: சந்தேகம் நியாயமானது. அல்பீனின் ஏ108 மாடல், வில்லிஸ் நிறுவனத்தால் பிரேசிலில் ‘இன்டர்லாகோஸ்’ என்ற பெயரில் 1966 வரை தயாரானது. ஏ110 மெக்சிகோவில் ‘டினால்பின்’ என்றும், பல்கேரியாவில் ‘பல்கரால்பீன்’ என்றும் உருவானது. பிரெஞ்சுக் காருக்கு மதிப்பு அதிகம் என்பதால், இவற்றின் அடையாளத்தை மறைக்கும் ஆசை சிலருக்கு எழுகிறது.

இந்தக் கார்களின் வெளிக்கூடு ஃபைபர் கிளாஸ் ஆனது. அச்சு ஒன்று கையில் இருந்தால் புதிய கூட்டையே வார்த்துவிடலாம் என்பதால், கூட்டைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. நடுவே முதுகெலும்பு போல் ஓடும் எஃகுக் குழாய்ச் சட்டத்தைத்தான் ஆராய வேண்டும். எண்ணைப் பொறிக்கும்போது எழுத்தின் அடியிலுள்ள உலோகமும் அழுந்திவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்து எண்ணை அழித்தாலும் அந்த அழுத்தம் ஓரளவு ஆழத்துக்கு எஞ்சியிருக்கும். தடயவியல் அறிந்தவர் தக்க அமிலத்தைப் பூசி, பழைய எண்ணைப் பல சமயம் வெளிக்கொணர முடியும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி இதைச் செய்யாதீர்கள். அந்தப் பரப்பு பழையபடி ஆகாது.

கேள்வி: சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. வழங்கிய வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் இருந்தால் கார் அசல்தானே?

பதில்: இல்லை. கார் குறிப்பிட்ட காலத்தின் போட்டி விதிகளுக்குப் பொருந்துகிறது என்பதையே அது கூறுகிறது. மாற்றிக் கட்டப்பட்ட காரும் அதைப் பெறலாம். பழங்கால வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவாவின் அடையாள அட்டை காரின் வரலாற்றோடு நெருங்கிய ஆவணம் என்றாலும், அதையும் உரிமைச் சங்கிலியின் (கார் யார் யாரிடம் கைமாறியது என்ற தொடர் ஆவணங்களின்) இடத்தில் வைக்கக் கூடாது.

கேள்வி: ஒரே சேசிஸ் எண்ணில் இரண்டு நாடுகளில் இரண்டு கார்கள் இருப்பதாகத் தெரியவந்தது. நான் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: மீதித் தொகையை நிறுத்திவையுங்கள். முதல் விற்பனையிலிருந்து முன்னோக்கியும், இன்றைய உரிமையாளரிடமிருந்து பின்னோக்கியும் இரு கார்களின் வரலாற்றையும் தனித்தனியே எழுதுங்கள். பழைய பதிவுச் சீட்டுகள், காப்பீட்டுக் கடிதங்கள், சர்வீஸ் புத்தகம், நாள் குறித்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். பெரும்பாலும் ஒரு காரின் வரலாற்றில் சில ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். விபத்தில் சிதைந்த காரின் தகடு வேறொரு கூட்டுக்கு மாறுவது அத்தகைய இடைவெளியில்தான். அந்த இடைவெளியை விற்பவர் ஆவணத்தால் நிரப்பும்வரை காத்திருங்கள். மறுத்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற வழக்கறிஞரை அணுகுங்கள்.