ரெண்டு வயசாச்சு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான்

கேள்வி: வணக்கமுங்க டாக்டரம்மா. சோமனூர் பக்கமுங்க நாங்க, வீட்டை ஒட்டியே தறி ஓடுது. பையனுக்கு ரெண்டு வயசு ரெண்டு மாசம், இன்னும் பேச்சு வரலீங்க. ஒரு வயசுல 'ஆத்தா', 'பூ'னு ரெண்டு வார்த்தை சொன்னான், இப்ப அதுவும் இல்லை. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பறதில்லை, ஆனா பக்கத்து ரூம்ல செல்லுல அவன் பாட்டு போட்டா ஓடி வந்துருவான். தறிக்கு நூல் சுத்தற காலி தார் குச்சிய எல்லாம் சுவத்தோரமா வரிசையா அடுக்கிட்டே இருப்பான், ஒண்ணை நகத்திட்டா ஒரே அழுகை. "அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு"ங்கறாங்க எங்க அத்தை. தறிச் சத்தத்துல காது போயிருச்சோ, நான் செல்லு குடுத்து பழக்குனதாலயோனு ராத்திரி தூக்கமே இல்லீங்க.

பதில்: அம்மிணி, வந்த ரெண்டு வார்த்தையும் நின்னு போச்சுனு எழுதியிருக்கீங்களே, அந்த வரிதான் எனக்கு பெருசா பட்டுச்சு. லேட்டா பேசற கொழந்தைங்க உண்டு, ஆனா வந்த பேச்சு போனா எந்த வயசா இருந்தாலும் உடனே காட்டிரணும், அத்தை சொல்றாங்கனு இன்னும் ஆறு மாசம் தள்ளாதீங்க.

நீங்க எழுதாத ஒண்ணு கேக்கறேன். காக்கா பறந்தா, ரோட்டுல பஸ் போனா, விரல் நீட்டி காட்டிட்டு உங்க மூஞ்சிய பாக்கறானா? தண்ணி வேணும்னா சொம்பை கை காட்டறானா, இல்ல உங்க கைய புடிச்சு இழுத்துட்டு போய் சொம்பு மேல வெக்கறானா? ஒன்றரை வயசுக்குள்ள கொழந்தைங்க சுட்டிக்காட்ட ஆரம்பிச்சிரும், ரெண்டு வயசுல 'பால் வேணும்'னு ரெண்டு வார்த்தை சேத்து சொல்லும். எல்லாரும் வாயையே பாத்துட்டு இருக்கோம், அந்த விரலை கவனிக்கறவங்க கம்மி.

லெட்டரை வெச்சு ஆட்டிசம்னு, அதாவது மத்தவங்களோட பழகறதும் பேசறதும் வேற மாதிரி இருக்கற மூளை வளர்ச்சி நிலைனு, நான் சொல்ல மாட்டேன். மொதல்ல காது. பாட்டுக்கு ஓடி வர்றான்னா கேக்குது, ஆனா எல்லா சத்தமும் சரியா கேக்குதானு வீட்ல தெரியாது, பெரானு காது கேக்கறதை பாக்கற டெஸ்ட் எடுத்துருங்க, தூங்க வெச்சு தலைல வயரை ஒட்டித்தான் பாப்பாங்க, வலிக்காது. அடுத்து ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கானு பாக்க எம்-சாட்னு 20 கேள்வி இருக்கு, 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள கொழந்தைங்களுக்கு, உங்க பையன் அதுக்குள்ள இருக்கறப்பவே போயிருங்க. 2013-ல வந்த ஆர்.பி.எஸ்.கே.ங்கற கொழந்தைங்க உடல்நலத் திட்டத்துல மாவட்ட அளவுல அரசாங்கமே இதுக்குனு ஆரம்பகால இடையீட்டு மையம் (வளர்ச்சில பின்தங்கற கொழந்தைங்களுக்கு சின்ன வயசுலயே பயிற்சி குடுக்கற எடம்) நடத்துது, காசு வேண்டாம், உங்கூர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா எங்க போகணும்னு சொல்லுவாங்க. பேச்சு பயிற்சி ஆரம்பிக்க நோய்க்கு பேர் வெக்கற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லை.

செல்லு குடுத்ததால ஆட்டிசம் வந்துச்சுனு யாரும் நிரூபிக்கலை. ஒரு காலத்துல பெத்தவ பாசம் காட்டலைனு டாக்டருங்களே சொல்லி எத்தனையோ தாய்மாரை அழ வெச்சாங்க, அது தப்புனு ஆகி பல வருசமாச்சு, உங்க மேல யாரும் பழி போட வுடாதீங்க. ஆனா செல்லு, கூட உக்காந்து வெளையாடற நேரத்தை தின்னுரும், அதனால கொறைங்க. தார் குச்சி அடுக்கறப்ப பக்கத்துல உக்காருங்க, குச்சியெல்லாம் உங்க மடில இருக்கட்டும், ஒண்ணொண்ணா உங்க கண்ணுகிட்ட கொண்டு போய் 'இந்தா சாமி'னு குடுங்க, ஒரு தடவை அவன் உங்கள பாத்துட்டாலே அன்னிக்கு போதும்.

போறப்ப, கூப்பிட்டா திரும்பாததையும் அடுக்கறதையும் ரெண்டு நிமிசம் வீடியோ எடுத்துட்டு போங்க, புது எடத்துல கொழந்தை வேற மாதிரி இருப்பான். அத்தையையும் கூட்டிட்டு போங்க, அங்க இருக்கற டாக்டர் வாயாலயே அவங்களும் கேக்கட்டும்.