வாழைக் கொல்லையில் கிடைத்த கல்: விண்கல்லா, உருக்காலைக் கசடா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த் அருகே எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வாழைக் கொல்லையில் கால்வாய் வெட்டியபோது, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள கருநிறக் கல் ஒன்று கிடைத்தது. கண்ணாடிபோல் மினுமினுக்கிறது, உள்ளும் புறமும் சிறு துளைகள் இருக்கின்றன, காந்தம் லேசாக ஒட்டுகிறது. விண்கல் என்று சொல்லி ஒருவர் விலை பேசுகிறார். இது என்னவென்று எப்படி அறிந்துகொள்வது?

பதில்: காந்தம் ஒட்டியதை நீங்கள் பெரிதாகக் கருதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது துளைகள்தாம். ஒரு பொருள் உருகிக் குழம்பாக இருக்கும்போது உள்ளே சிக்கிய வாயு வெளியேறி முடியுமுன் குழம்பு உறைந்துபோவதால் இத்தகைய துளைகள் உண்டாகின்றன. விண்கல் காற்று மண்டலத்தில் சில நொடிகளே எரிவதால், அதன் மேற்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே உருகிக் கருந்தோலாகப் படிகிறது. களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியதுபோன்ற பள்ளங்கள் மேலே இருக்கலாம், ஆனால் உள்வரை குமிழ்த்துளை இருப்பது மிகமிக அரிது.

அடுத்து, இடத்தைப் பாருங்கள். பினாங்குத் தீவு கிரானைட் பாறையால் ஆனது. எதிர்க்கரையில் உங்கள் பட்டர்வொர்த் அமைந்துள்ள செபராங் பிறைச் சமவெளியோ பெரும்பாலும் ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். வண்டலுக்குள் இரண்டு கிலோ கருநிறக் கட்டி தனியாகக் கிடந்தால், யாரோ கொண்டுவந்து போட்டது என்றே முதலில் எண்ண வேண்டும். பட்டர்வொர்த்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஈய உருக்காலை இயங்கியது (இங்கே ஈயம் என்பது காரீயமன்று, டின் எனப்படும் வெள்ளீயம்). ஜார்ஜ்டவுனிலும் ஈயம் உருக்கப்பட்டது. தாதுவை உருக்கி ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சுவது கசடு. நம் முன்னோர் இரும்பு உருக்கும்போது மிஞ்சுவதைக் கிட்டம் என்றார்களே, அதன் உறவுதான் இது. கருமை, கண்ணாடி மினுமினுப்பு, குமிழ்த்துளை, கசட்டிலுள்ள இரும்பால் வரும் லேசான காந்த ஈர்ப்பு ஆகிய நான்கும் நீங்கள் எழுதியவற்றோடு பொருந்துகின்றன. எனவே உங்கள் கல் கசடாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கல்லை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் கல் மூழ்கினாலும் வழியாத அளவு தண்ணீர் உள்ள வாளியை வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுவதும் மூழ்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில்; எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கிரானைட்டுக்கு இது சுமார் 2.7, இரும்பு விண்கல்லுக்கு 7க்கு மேல், ஈயத்தாதுவுக்கு ஏறத்தாழ 7. கசடும் கல்வகை விண்கல்லும் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் வருவதால், அந்த இரண்டையும் பிரித்தறிய இச்சோதனை உதவாது. அங்கே மீண்டும் துளைகளைத்தான் நம்ப வேண்டும். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்து, செந்நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்னும் இரும்புத்தாது, கருங்கோடு விழுந்தால் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது.

கண்ணாடி மினுமினுப்பால் இன்னொரு ஐயமும் எழலாம்: பகாங் மாநிலத்தின் காம்பாங் பகுதியில் டெக்டைட் என்னும் கருங்கண்ணாடிக் கற்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்கல் ஒன்று மோதியதில் உருகிச் சிதறிய பூமிப்பாறை அது. அடர்த்தி சுமார் 2.4தான், காந்தம் ஒட்டாது. ஆகவே உங்களுடையது அதுவன்று.

விலை பேசுபவரைப் பற்றி: ஈயக் கசட்டில் டான்டலம் என்னும் விலையுயர்ந்த உலோகம் சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் அதைப் பிரித்தெடுக்க டன் கணக்கில் கசடு தேவை. ஒற்றைக் கல்லுக்கு மதிப்பில்லை. அதே கசட்டில் கதிரியக்கமுள்ள யுரேனியமும் தோரியமும் சிறிதளவு கலந்திருப்பதால், கல்லை உடைத்துப் பொடியாக்காதீர்கள், படுக்கையறையிலோ பூசை மாடத்திலோ வைக்காதீர்கள். தொட்டபின் கை கழுவிவிட்டு, வீட்டுக்கு வெளியே மூடிய டப்பாவில் வையுங்கள். உறுதியான விடை வேண்டுமானால், கனிம, புவி அறிவியல் துறையின் அலுவலகத்தை அணுகுங்கள். போகும்போது, கிடைத்த ஆழத்தையும் குழியின் படத்தையும் கொண்டுசெல்லுங்கள். அதே மண்ணில் இதுபோன்ற துண்டுகள் இன்னும் கிடைத்தால், கொல்லையை எப்போதோ கசடு கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.